கார் பெயின்ட்டில் சிலந்தி வலைக் கீறல்: மிஷின் பாலிஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பு கார் வாங்காதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வாங்கினேன். இரண்டாவது வருஷம் ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும்போது, மேலே எரிந்த எல்.இ.டி. விளக்கைச் சுற்றி பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல் கீறல் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. என் தொழிலுக்கும் பாலிஷுக்கும் சம்பந்தமில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸ் வேலை; ஞாயிற்றுக்கிழமையானால் என் கார், பக்கத்து வீட்டுக் கார், நண்பர்கள் கார் என்று மிஷினும் கையுமாக நிற்பேன். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கீறல் ஏன் வட்ட வட்டமாகத் தெரிகிறது? யாரோ வட்டமாகத் தேய்த்துவிட்டார்களா?

பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், ஆனால் இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று ஓடுகின்றன. விளக்கொளிக்குக் குறுக்கே ஓடும் கீறல்கள் மட்டும்தான் வெளிச்சத்தை நம் கண் பக்கம் திருப்பிவிடும். மற்றவை அங்கேயே இருந்தாலும் கண்ணில் படாது. அதனால்தான் விளக்கை நடுவில் வைத்துக் கோலம் போட்ட மாதிரி வளையம் வளையமாகத் தெரிகிறது. செல்போன் டார்ச்சை அடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும். தேய்த்துத் தேய்த்துப் பழசான எவர்சில்வர் தாம்பாளத்தை வெயிலில் திருப்பினாலும் இதே கதைதான்.

நிழலிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் இந்தக் கீறல் தெரியவே தெரியாது. பழைய கார் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்கிற புரோக்கர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தினமும் காரைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். அப்புறம் எப்படி இவ்வளவு கீறல்?

தினமும் துடைப்பதால்தான். சாலைத் தூசியில் மணல் இருக்கிறது. மணல் என்றால் குவார்ட்ஸ். கார் பெயின்ட்டின் மேல்பூச்சு அதன் முன்னால் வெண்ணெய். காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைக்கும்போது, மிக நைசான உப்புத்தாளால் காரை இழைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரைக்கு ஒருவர் வருவார். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி, பதினான்கு கார். முதல் கார் முடியும்போதே தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். பதினான்காவது கார் என்னுடையது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் நாங்கள் கொடுக்கிற காசுக்குக் காருக்கு ஒரு பக்கெட் மாற்ற யாராலும் முடியாது. என் காரை மட்டும் தொட வேண்டாம், காசு வழக்கம்போல வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாதி கீறல் அன்றே நின்றுவிட்டது.

மார்கழியில் இன்னும் மோசம். ராத்திரிப் பனி தூசியோடு கலந்து மெல்லிய சேறாகப் படிந்திருக்கும். கிளம்புகிற அவசரத்தில் டிக்கியில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை எடுத்து ஒரு இழுப்பு. திருப்பூர் மிச்சத்துணி மென்மையானதுதான். ஆனால் அதில் தையல் ஓரம் இருக்கும், போன வாரத்து மண்ணும் இருக்கும். கார் கவரும் யோக்கியமில்லை. தூசி படிந்த கார் மேல் கவரைப் போட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் அது அசைந்து அசைந்து தேய்க்கும்.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடுகிறதா?

நிரம்பாது. கீறலைச் சுற்றியுள்ள மேட்டை இழைத்து, கீறலின் அடிமட்டம் வரை கொண்டுவருகிறோம். பள்ளத்தை மூடுவதில்லை, தரையை இறக்குகிறோம்.

இது புரிய பெயின்ட்டின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். கிளியர் கோட்டோ சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. பளபளப்பும் அதில்தான், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான், நாம் இழைக்கப்போவதும் அதைத்தான்.

அப்படியென்றால் எத்தனை தடவை பாலிஷ் போடலாம்?

மிஷினின் முனையில் மாட்டும் மெத்தைக்குப் பேடு என்று பெயர். ஃபோம் பேடில் லேசான பாலிஷ் என்றால் சுமார் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். கம்பளி பேடும் கனமான காம்பவுண்டும் (வேகமாக இழைக்கும் சொரசொரப்பான பாலிஷ்) சேர்ந்தால் நான்கைந்து கூடப் போகலாம். இருப்பதே 40 என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். கடைசி மைக்ரான் வரை இழைக்கவும் முடியாது. கிளியர் கோட் மெலிந்தால் வெயில் அடியில் இறங்கி, சில வருஷங்களில் பூச்சு வெளுத்துச் செதில் செதிலாக உரிந்துவிடும். ரூஃபிலும் பானெட்டிலும் அப்படி உரிந்த பழைய கார்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பில்லில் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வருஷம் இரண்டு தடவை அப்படிப் போட்டால் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். என் காரில் ஆறு வருஷத்தில் முழு பாலிஷ் இரண்டே தடவை. மற்ற நேரத்தில் ஒன்றிரண்டு கீறல் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுவேன். நூற்றுக்கு நூறு கீறலையும் எடுத்தே தீருவேன் என்கிற பிடிவாதம்தான் பெயின்ட்டுக்கு முதல் எதிரி.

தடிமன் அளக்க பெயின்ட் கேஜ் என்று கைக்கடக்கமாக ஒரு கருவி கிடைக்கிறது. பழைய கார் என்றால் அளக்காமல் மிஷினைத் தொட வேண்டாம். 90க்குக் கீழே காட்டினால் நான் தொட மாட்டேன். 200க்கு மேல் போனால் அந்த பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். 500ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது, அதாவது டிங்கரிங் நடந்திருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது, அதற்கு உலோகம் வேண்டும். பம்பரில் அடக்கியே வாசியுங்கள்.

ஒரு கீறல் பாலிஷில் போகுமா போகாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது ஆழம். பாலிஷில் ஓரம் மழுங்கும், முழுக்கப் போகாது. உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, அது டச்-அப் அல்லது பெயின்ட் வேலை. பைக் ஹேண்டில் உரசியதையும் பொறாமைக்காரர் சாவியால் இழுத்ததையும் மிஷினிடம் கொண்டுவராதீர்கள்.

ரோட்டரி மிஷின் வாங்கலாமா, டி.ஏ. மிஷினா?

முதல் மிஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டி.ஏ., அதாவது டூயல் ஆக்ஷன்.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். நிமிஷத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை வைக்கலாம். வேகமாக வெட்டும், சூடும் ஒரே இடத்தில் குவியும். பட்டறைகளில் காலம் காலமாக இதுதான். கை தேர்ந்தவர் பிடித்தால் கண்ணாடி. தேராதவர் பிடித்தால் ஒன்று பெயின்ட் எரியும், இல்லையென்றால் வெயிலில் காரைச் சுற்றி நடக்கும்போது கூடவே நெளிகிற கோடுகள் விழும். அதற்கு ஹோலோகிராம் என்று பெயர். கீறலை எடுக்கக் கொடுத்து ஹோலோகிராமை வாங்கி வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை.

டி.ஏ. மிஷினில் பேடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இன்னொரு சிறு வட்டத்திலும் ஆடும். பூமி தன்னையும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிற மாதிரி. அந்த ஆட்டத்தின் அகலத்தை 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மிஷின் மேலேயே போட்டிருப்பார்கள். 21 இருந்தால் ரூஃப், பானெட் போன்ற அகலமான இடம் சீக்கிரம் முடியும். ஆனால் நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் வளைவு நெளிவு அதிகம், 15 தான் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கிறது.

சாதாரண டி.ஏ.வில் ஒரு விஷயம்: அழுத்தம் கூடினாலோ வளைவில் சாய்த்துப் பிடித்தாலோ பேடு சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். சத்தம் இருக்கும், வேலை நடக்காது. பேடு ஒட்டியிருக்கும் தட்டின், அதாவது பேக்கிங் பிளேட்டின், ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது கண்ணில் பட்டால் பேடு சுற்றுகிறது. இதே குணத்தால்தான் டி.ஏ.வில் பெயின்ட்டை எரிப்பதும் கஷ்டம். பேடு நின்றாலும் உங்கள் பெயின்ட் பிழைக்கும்.

வீட்டில் கிரைண்டிங் மிஷின் இருக்கிறதே, அதில் பேடு மாட்டினால் போதாதா?

போதாது. அது நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். இரும்பு வெட்டுகிற சாமான் அது. ட்ரில்லில் மாட்டும் பேடும் வேண்டாம். ஹெட்லைட் பாலிஷுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பேடு, எந்த காம்பவுண்ட்?

பிராண்ட் சண்டைக்கு நான் வரவில்லை. மென்சர்னா, 3எம், மெக்வயர்ஸ், கோக் கெமி, சோனாக்ஸ் எல்லாமே ஒழுங்காக வேலை செய்பவைதான். பேடு மூன்று ஜாதி: கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம். வெட்டும் வேகமும் இந்த வரிசையில்தான் பெரும்பாலும் குறையும். ஃபோமிலேயே கெட்டியானது வெட்டும், மெத்தென்றது மெருகேற்றும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் வெட்டும் பேடு, இன்னொரு கம்பெனியின் மஞ்சள் மெருகு பேடு.

தொடங்குகிறவருக்கு நடுத்தர ஃபோம் பேடு நான்கு, ஒரே ஒரு நடுத்தர பாலிஷ் பாட்டில். போதும். பேடு நான்கு எதற்கு என்றால், ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்க முடியாது. இழைத்த கிளியர் கோட்டும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் அப்பி, அதுவே கீறல் போட ஆரம்பிக்கும்.

மிஷினை வைப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

பாதி வேலை இங்கேதான். நன்றாகக் கழுவ வேண்டும். தார்ப் புள்ளிகளைத் தார் ரிமூவரால் கரைக்க வேண்டும். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளப் பக்கமிருந்தும் வரும் இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்திக்கொண்டிருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாக வழியும், பார்க்கவே திகிலாக இருக்கும். அதற்கும் மிஞ்சியதை கிளே, அதாவது பிசைந்த களிமண் மாதிரியான கட்டி, எடுக்கும். காரைக் கழுவித் துடைத்த பிறகு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு கவர் வழியாகப் பல மடங்காகத் தெரியும். ஷாம்பூ கலந்த தண்ணீரை நிறைய அடித்து, கிளேவை அழுத்தாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் வழவழவென்று ஆகிவிடும். கிளே கீழே விழுந்தால் அதை எடுக்காதீர்கள், குப்பைக்கு. பாதி கட்டியைச் சேமிக்கிறேன் என்று மண் ஒட்டியதை மறுபடி தேய்த்தால் புதுக் கீறல் நிச்சயம்.

அப்புறம் மாஸ்கிங் டேப். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, கூர்மையான ஓரங்கள் எல்லாவற்றுக்கும். காம்பவுண்ட் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து மாதக்கணக்கில் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

உங்களுக்கும் கொஞ்சம் முன்னேற்பாடு உண்டு. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள், காரில் உரசாது.

சரி, மிஷினை எடுத்தாயிற்று. எப்படி ஓட்டுவது?

முதலில் சோதனைச் சதுரம். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மெத்தென்ற பேடு, லேசான பாலிஷ், அதிலிருந்து தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஒரு படி ஏறுங்கள். இது ஏன் முக்கியம் என்றால் பெயின்ட்டுக்குப் பெயின்ட் குணம் வேறு. ஜெர்மன் கார்களின் கிளியர் கோட் பொதுவாகக் கெட்டி. 2003 இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் நுண்ணிய செராமிக் துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது, அதை இழைக்க முதுகு ஒடியும். ஜப்பானியக் கார்களில், முக்கியமாகக் கறுப்பில், துணி பட்டாலே கோடு விழுகிற அளவுக்கு மென்மையும் உண்டு. கூகுளில் தேடுவதை விட இந்தச் சதுரம் உண்மை சொல்லும்.

பேடில் பட்டாணி அளவுக்கு நான்கு சொட்டு. மிஷினை ஆஃப் நிலையிலேயே சதுரத்தில் நான்கைந்து இடம் ஒற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் ஆன் செய்து பரப்புங்கள். பெயின்ட் மேல் வைத்த பிறகுதான் ஸ்விட்ச். தூக்கிய நிலையில் போட்டால் சொட்டெல்லாம் சுவரில் இருக்கும். அப்புறம் மிஷினின் வேக டயலை 4 அல்லது 5க்கு ஏற்றி, இடமும் வலமுமாக, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மிதிக்கிற மாதிரி ஓட்டுங்கள். அது முடிந்ததும் மேலும் கீழுமாக. வயல் உழும்போது குறுக்குச்சால் ஓட்டுகிற கணக்குதான். ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகராதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இங்கேதான்: தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற வேகத்தில் ஓட்டுவார்கள். மிஷினின் எடையோடு உங்கள் கை எடை கொஞ்சம் சேர்ந்தால் போதும், முட்டுக்கொடுக்க வேண்டாம்.

நான்கிலிருந்து ஆறு முறை ஓட்டியதும், வெள்ளையாக இருந்த பாலிஷ் எண்ணெய்ப் படலம் போல் மெலிந்து தெளியும். அங்கே நிறுத்துங்கள். புது மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். டேப்பை உரித்து, ஓட்டிய பக்கத்தையும் ஓட்டாத பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் விளக்கு ஒரே புள்ளியாக, இழை இல்லாமல் நிற்கும்; கோட்டைத் தாண்டினால் சிலந்தி வலை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விடுகிறேன்.

ஒரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் சுத்தம் செய்யுங்கள், அடுத்த சதுரத்துக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். ரூஃபிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

ஒரு காருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஹேட்ச்பேக்குக்கு, கழுவுவதிலிருந்து வாக்ஸ் வரை, எனக்கு ஒரு முழு ஞாயிறு. முதல் தடவை என்றால் இரண்டு ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் முழுக் காரும் முடித்துத் தருகிறோம் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வெயிலில் நிறுத்திப் போடலாமா?

கூடாது. சித்திரை வெயிலில் நின்ற பானெட்டில் கை வைக்க முடியாது. அதில் பாலிஷ் சொட்டினால் ஓட்டுவதற்குள் காய்ந்து பொடியாகி ஒட்டிக்கொள்ளும். பேடின் சூடும் சேர்ந்தால் பெயின்ட் இளகும். நிழல் வேண்டும், பேனல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் முடித்த பிறகு ஒரு தடவை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஷெட்டுக்குள் தெரியாத ஹோலோகிராம் அங்கேதான் முகம் காட்டும்.

நீங்கள் சொதப்பியது உண்டா?

உண்டு. டி.ஏ. கைவந்ததும் பெரிய ஆளாகிவிட்டோம் என்ற நினைப்பில் ஒரு ரோட்டரி வாங்கினேன். நண்பனின் சிவப்புக் கார். பானெட்டின் ஓரத்தில் கத்தி மாதிரி ஒரு பாடி லைன் ஓடும். அங்கே டேப் ஒட்டவில்லை. போன் அடித்தது, திரும்பிப் பார்த்தேன், இரண்டு விநாடி இருக்கும். வெள்ளைக் கம்பளி பேடில் சிவப்பு. கிளியர் கோட் போய் நிறமே வந்துவிட்டது என்று புரிய இன்னும் இரண்டு விநாடி ஆனது. ஓரங்களில் பெயின்ட் காயும்போதே உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும், அதனால் பூச்சு மெல்லிசு. மிஷினின் மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். அந்த பானெட்டுக்கு முழுசாக மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுத்தேன், என் செலவில். நண்பன் இன்றும் நண்பன்தான், ஆனால் கார் பாலிஷுக்கு என்னிடம் வருவதில்லை.

கடையில் பாலிஷ் போட்டு வாங்கினேன், கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் எல்லாக் கீறலும் திரும்ப வந்துவிட்டதே?

போயிருந்தால்தானே திரும்ப வர? எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷ்கள் கீறலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு அதை மறைக்கும். நான்கு வாட்டர் வாஷில் அது கரைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. சோதிக்க வழி இருக்கிறது: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து ஸ்ப்ரே செய்து துடையுங்கள். எண்ணெய் போய்விடும், உள்ளது உள்ளபடி தெரியும். கடையில் காரை எடுக்கும்போது ஒரு சின்ன இடத்தில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் சிரித்துக்கொண்டே செய்துகாட்டுவார். எந்த மிஷின், ஓரங்களுக்கு டேப் ஒட்டுவீர்களா, தடிமன் அளப்பீர்களா என்ற மூன்றையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அப்பாவின் பழைய அம்பாசடர் இருக்கிறது. அதற்கும் இதே முறையா?

அம்மாதிரிப் பழைய கார்களின் பெயின்ட்டில் கிளியர் கோட் தனியாகக் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. பாலிஷ் போட்டால் பேடில் காரின் நிறம் வரும். பயந்துவிடாதீர்கள், அங்கே அது சகஜம். மறைவான இடத்தில் கொஞ்சம் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், நிறம் வந்தால் இந்த வகை. வெளுத்துப்போன மேல்தோலை லேசாக எடுத்தாலே உள்ளிருந்து நிறம் ஜொலிக்கும். என்னைக் கேட்டால் பாலிஷிலேயே மிகச் சந்தோஷமான வேலை இதுதான். ஆனால் எத்தனை தடவை பெயின்ட் அடித்த கார் என்று யாருக்குத் தெரியும், மெதுவாகவே போங்கள்.

மேட் பெயின்ட், பி.பி.எஃப். (பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய கார்?

மேட் பெயின்ட்டில் பாலிஷ் வைக்கவே கூடாது. வைத்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும், திரும்பவும் மேட் ஆக்க முடியாது. பி.பி.எஃப். பெரும்பாலும் சூட்டில் தானாகவே சின்னக் கீறலைச் சரிசெய்துகொள்ளும், மிஷின் வேண்டாம்.

டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், டீசல்?

டூத்பேஸ்ட்டும் ஒரு மிக லேசான காம்பவுண்ட்தான், பல்லுக்கு அளவானது. ஒரே ஒரு சின்னக் கீறலுக்குச் சிலசமயம் பலிக்கும், கூடவே மங்கலான ஒரு திட்டையும் விட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் கீறலை மறைக்கும், பின்னாலேயே ஊரிலுள்ள தூசியை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்கும். டீசல் போட்டுத் துடைப்பது பழைய டிரைவர்கள் வழக்கம். ரப்பர் பீடிங் ஊறிப்போகும், விடுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் இனிக் கீறலே விழாது, 9எச் கடினம் என்கிறார்களே?

அந்த 9எச் பென்சில் கணக்கு. எந்தப் பென்சில் முனையால் கீறினால் கோடு விழுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரம் 10, குவார்ட்ஸ் 7 என்று கற்களை அளக்கிற மோஸ் அளவுகோல் வேறு. இரண்டையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது. கோட்டிங் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு லேசில் ஒட்டாது, கழுவுவது சுலபம். அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் மண் துணியால் தேய்த்தால் அதிலும் கோடு விழும். இன்னொன்று, கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் கீறலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்த மாதிரி ஆகிவிடும்.

பாலிஷ் முடிந்ததும் ஏதாவது ஒரு காப்பு தேவை. கார்னூபா மெழுகு சில வாரம் நிற்கும், சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சு சில மாதம். என் கறுப்பு காருக்கு சீலன்ட்தான்.

இனி எப்படிக் கழுவினால் கீறல் விழாது?

இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் ஓஸில் நன்றாகத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிடுங்கள். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பேனலைத் தேயுங்கள், உடனே வெறும் தண்ணீரில் அலசுங்கள், அப்புறம்தான் மறுபடி ஷாம்பூ. அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டின் அடியில் கடைசியில் படிந்திருக்கும் மண்ணைக் கையால் தொட்டுப் பாருங்கள், இவ்வளவு நாள் அது எங்கே போனது என்று விளங்கும். சக்கரத்துக்குத் தனிக் கையுறை. காரைத் தேய்த்துத் துவட்டாமல், பெரிய துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் காயவே விடாதீர்கள், உப்புத் திட்டு கிளியர் கோட்டை அரித்துவிடும். பறவை எச்சமும் அப்படியே. ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிஷம் ஊறவைத்துத் தூக்குங்கள், சுரண்டாதீர்கள்.

தூசி மட்டும்தான் என்றால் நான் காரை அப்படியே எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விடுவேன். அழுக்குக் காரில் வருகிறவன் என்று பெயர் வாங்கியாயிற்று.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் இருக்க முடியுமா?

இருக்க முடியாது, எங்கள் வீட்டில் அதற்கு வழியே இல்லை. சந்தனமும் விபூதியும் காய்ந்தால் பொடி. அதை மறுநாள் துணியால் தேய்த்து எடுக்கும்போதுதான் பானெட் நடுவில் கைப்பிடி அளவுக்கு ஒரு கீறல் கொத்து விழுகிறது. குங்குமம் ஊறினால் வெள்ளைக் காரில் கறையும் படியும். மாலை கட்டின நார் ஓடும்போது காற்றில் அடித்து அடித்து கிரில்லுக்கு மேலே தனியாக ஒரு கோடு போடும். அம்மாவிடம் இதையெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “சரி, இனிமே கண்ணாடியில வைக்கிறேன்” என்றார். இப்போது முன்கண்ணாடியின் இடது மூலையில் மூன்று பொட்டு. மாலை பூஜை முடிந்ததும் கழன்று டேஷ்போர்டுக்கு வந்துவிடும். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில்தான், அதில் ஒன்றும் ஆட்சேபணை இல்லை.